அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடித்த மருந்து

சாமு கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகலில் வந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தேன், முழங்கை வரைக்கும் மண். தபால்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மெட்ராஸ்லருந்து உங்க பையன் எழுதியிருக்காரும்மா" என்று நீட்டினார். கை கழுவப் பொறுமை இல்லாமல் அப்படியே பிரித்தேன். அதனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம் இப்போது செம்மண்ணாக இருக்கிறது. படித்து முடித்ததும் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு அரிசி போட மறந்துபோனேன். உன் அப்பா அன்றைக்கு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, "மெட்ராஸ்ல யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனது ஏழு வருஷத்துக்கு முன்னால் என்று சொல்லாமல் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உனக்குக் காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இப்போது நம் ஊரிலேயே, நல்ல பூச்சிகளை வளர்த்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிற ஆபீசில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். உதவியாளர் வேலைக்கு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மாசக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். உன்னைக் கட்டிக்கொண்ட எஸ்தரே போகச் சொல்கிறாள், நீதான் மாட்டேன் என்கிறாய். காரணம் என்று நீ எழுதியிருப்பதை நான் மனப்பாடமாகவே சொல்லுவேன்: "உயிருள்ளதை என்னை நம்பி ஒப்படைக்கறாங்கம்மா. எனக்குக் கைராசி கிடையாதுன்னு நம்ம வீட்டுக்கே தெரியும். ரயில்வே ஆபீஸ்ல பேப்பர்தான். பேப்பர் சாகாது." நீ இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பாய். நானும் முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, இந்த வார்த்தையை உன் தலையில் போட்டது நான்தான் என்று உறைத்தது. நீ அந்த வேலையை வேண்டாம் என்று எழுதுவதற்குள் ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். உன் அம்மா தப்பை ஒத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, ஆகையால் அவசரப்படாமல் படி.

முதலில் என் கைராசியின் கதை. சுதந்திரம் வந்த வருஷம் காக்ஸ் டவுன் பக்கத்துப் பங்களாக்களிலிருந்து துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். நான் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு துரைசானி போகும்போது பன்னிரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அதில் பாதி ஏற்கெனவே இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. ஜீவனஹள்ளியில் நம் வீட்டுப் பின்புறம் அப்போது வெறும் கட்டாந்தரை. குச்சிகளை வெட்டி வைத்தேன், எல்லாம் துளிர்த்தது. அன்றிலிருந்து சபையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், கல்லறைத் திருநாளுக்கு யார் பூத்தொட்டி வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். "அவங்க கை பட்டா காஞ்ச வெளக்குமாறு கூட துளுக்கும்" என்று பெண்கள் பேசுவது என் காதில் விழும். விழ வேண்டும் என்றுதான் பேசுவார்கள், நானும் விழாதது மாதிரி நடப்பேன். நீ பிறந்து வளர்ந்தது இந்தப் பெருமைக்கு நடுவில். பெருமை பிடித்த வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது.

பிறகு டி.டி.டி. வந்தது. மலேரியாக்காரர்கள் வந்து சுவரெல்லாம் வெள்ளையடித்த மாதிரி அடித்துவிட்டுப் போனார்கள், கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சியெல்லாம் ஒழிந்தது. பதினைந்து வருஷம் அந்தக் கட்டிலில் சொறிந்துகொண்டே படுத்த உன் அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்தபோது அந்த மருந்தைக் கண்டுபிடித்தவனுக்காகவும் சேர்த்துச் செய்தார். நானும் மார்க்கெட்டில் ஒரு டப்பா பவுடர் வாங்கி அலமாரியில் வைத்தேன். அதன் பக்கத்தில் பித்தளைப் பம்ப். நம் வீட்டில் எல்லாப் பூச்சிக்கும் ஒரே பெயர்தான், உனக்குத் தெரியுமே, கன்னடக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட 'ஹுளு'. கட்டிலில் இருப்பதும் ஹுளு, அரிசியில் இருப்பதும் ஹுளு, செடியில் இருப்பதும் ஹுளு. ஒரே பெயர் இருந்ததால் ஒரே மருந்து என்று நினைத்துவிட்டேன். நீ காலேஜுக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் கற்றுக்கொண்டு வந்து சொன்னபோது, "ஹுளுவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத்தான் இவ்ளோ படிச்சியா?" என்று கேலி செய்தவள் நான்.

நீ காலேஜில் படித்த அந்த வருஷம் குரோட்டன்ஸில் மாவு பிடித்தது நினைவிருக்கும். இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடமெல்லாம் பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி மாவுப்பூச்சி. அதன் மேல் எறும்பு வரிசை வரிசையாக ஏறும், இலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். அந்த நேரம் பார்த்துதான் மல்லேஸ்வரத்துச் சாவித்ரம்மா தன் பெண் கல்யாணத்துக்கு வாசலிலிருந்து பந்தல் வரைக்கும் இரண்டு பக்கமும் வைக்க நாற்பது தொட்டி கேட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய வீடு நம்மிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டுக் கல்யாணத்தில் நம் செடி நின்றால் அப்புறம் ஊரில் நம்மைக் கேட்காமல் கல்யாணம் நடக்காது என்று நான் கற்பனையிலேயே பாதி தூரம் போய்விட்டேன். டப்பாவை எடுத்தேன். நீ வந்து கையைப் பிடித்தாய். "அது மேல மெழுகு மாதிரி மாவு இருக்குதும்மா, உன் மருந்து உள்ள எறங்காது. அதைத் தின்ன வர்ற பூச்சிதான் சாவும். ரெண்டு மாசம் டைம் இருக்குது. எனக்கு விடு" என்றாய். எனக்கு என்னவோ அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை, சரி என்றேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்தை எஸ்தருக்குச் சொல்லியிருக்கிறாயா? வாத்தியாரிடமிருந்து ஜாம் பாட்டிலில் வண்டுகளைக் கொண்டுவந்தாய், உளுந்தைவிடச் சின்னதாக, கறுப்பு உடம்பு, செங்கல் நிறத் தலை. அதற்குத் தீனி வேண்டும் என்று அதற்கும் முன்னாலிருந்தே உருளைக்கிழங்கைக் கூடையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் இருட்டில் முளைக்கவிட்டு, முளையின் மேல் நீயே மாவுப்பூச்சியை விட்டு வளர்த்தாய். உன் அப்பா கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடப்போய்க் கையில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கொடி சுற்றிக்கொண்டு அலறியதை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். "ஊரெல்லாம் இத ஒழிக்கறான், எம் பையன் சோறு போட்டு வளக்கறான்" என்று தொழிற்சாலையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் நண்பர்கள் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உருளைக்கிழங்கு விலை கேட்டார்கள். நீ கோபப்படவே இல்லை. அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை.

நீ செய்ததெல்லாம் முறையாகத்தான் செய்தாய். மருந்தே வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, அதை நான் அப்போது கவனிக்கவில்லை. மாவு அப்பிக்கிடந்த கிளைகளுக்கு மட்டும் பீடிக்காரர் வீட்டிலிருந்து வாங்கிய புகையிலைக் காம்பைக் காய்ச்சி, பார் சோப்பு கரைத்து, பிரஷ்ஷால் தடவினாய். அதன் வீரியம் இரண்டொரு நாளில் போய்விடும், டி.டி.டி. மாதக்கணக்கில் இலையிலேயே இருக்கும் என்றாய். எறும்பு ஏறாமல் ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன் மேல் நிறுத்தினாய், ஏனென்றால் எறும்பு அந்தப் பிசுபிசுப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று வண்டைக் கடித்து விரட்டுமாம். ஒரு வாரம் கழித்து வண்டுகளை விட்டாய். அப்புறம் காலேஜ் சுற்றுலா என்று மங்களூர்ப் பக்கம் கிளம்பினாய். கிளம்பும்போது வாசலில் பையை மாட்டிக்கொண்டு சொன்னாய்: "அம்மா, இன்னும் நாலஞ்சு நாள்ல வெள்ளையா, பெருசா என்ன வந்தாலும் தொடாத. நான் வந்து காட்டறேன்." நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன். "சரி சரி, போய்ட்டு வா" என்றேன். நீ சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போவதற்குக்கூட நிற்கவில்லை, பாலோடு பொங்கிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், கிளைக்குக் கிளை வெள்ளையாக ஊர்கிறது. முன்பு இருந்ததைவிட இரண்டு பங்கு பெரிது, முதுகெல்லாம் மெழுகுத் திரி மாதிரி நீட்டிக்கொண்டு. சனிக்கிழமை இன்னும் அதிகம். வண்டு மாவுப்பூச்சியைத் தின்னவில்லை, மாவுப்பூச்சிதான் வண்டைத் தின்று கொழுத்துவிட்டது என்று நினைத்தேன். சாவித்ரம்மா திங்கட்கிழமை வந்து செடிகளைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உன் அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது, எனக்குத் தலைவலி, நீங்கள் கோவிலுக்குப் போய்வாருங்கள் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து காய்ச்சலிலும் ஆராதனையைத் தவறவிடாதவள் நான். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் ஜன்னலில் பார்த்துவிட்டு, முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பம்ப்பை எடுத்தேன். கோவில் மணி அடிக்கும்போது நான் முதல் வரிசைத் தொட்டிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் காற்றில் கேட்டது, அதோடு சேர்ந்து நானும் பாடினேன். என் வெட்கங்கெட்டதனத்தை மறைக்காமல் எழுதுகிறேன். டப்பா தீரும் வரைக்கும் அடித்தேன்.

சாமு, அந்த வெள்ளைப் பெரிசுகள் மாவுப்பூச்சி இல்லை. அவை உன் வண்டுகளின் குஞ்சுகள். மாவுப்பூச்சிக்கு நடுவில் இருந்துகொண்டே அதைத் தின்ன வேண்டும் என்று அதுவும் மாவுச் சட்டை போட்டுக்கொண்டு பிறக்கிறது. நீ காட்டுகிறேன் என்று சொன்னது அதைத்தான். நீ விட்ட வண்டும் அதன் பிள்ளைகளும் அன்று பகலுக்குள் தட்டுத் தண்ணீரில் விழுந்து மிதந்தன. நான் அந்தத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டி, தட்டைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தப்பு என்று தெரிந்து செய்யவில்லை. ஆனால் தட்டை ஏன் கழுவினேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். உன் பேச்சைத் தாண்டிவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது, அதனால்தான் கழுவினேன்.

திங்கட்கிழமை செடிகள் சுத்தமாக இருந்தன. சாவித்ரம்மா சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் செய்ததே சரி என்று நினைத்தேன். வியாழக்கிழமை நீ வந்தாய், பையைக்கூட இறக்காமல் பின்புறம் போனாய். வெகு நேரம் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாய். "வண்டெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாய். "பறந்து போயிருக்கும், நான் என்ன அதுக்கு ஆயாவா?" என்றேன். அந்த ஒரு பொய்யை அன்றைக்கே விழுங்கியிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. மெழுகுக்கு உள்ளே ஒளிந்திருந்த மாவுப்பூச்சிகள் சாகவில்லை. தின்ன ஆள் இல்லாததால் மூன்று வாரத்தில் நாற்பது தொட்டியையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிட்டன. வண்டி கொண்டுவந்து நிறுத்திய சாவித்ரம்மா கன்னடத்தில் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "ஏனம்மா இது, ஹூவா ஹுளுவா?" பூவா புழுவா என்று கேட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குப் புழுவையா எடுத்துப்போவேன் என்று வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். நீ கதவோரம் நின்றிருந்தாய். அவர்கள் காதில் விழும்படி உன்னைப் பார்த்துச் சொன்னேன்: "எல்லாம் இவன் கை பட்டதுதாம்மா. எம் பையனுக்குக் கைராசி கிடையாது. இவன் தொட்டா செடி உருப்படாது."

நீ ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். உருளைக்கிழங்குக் கூடையைக் குப்பையில் கொட்டினாய். விவசாயக் கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை நிரப்பாமலே விட்டாய். ரயில்வே பரீட்சை எழுதினாய், பாஸ் செய்தாய், மெட்ராஸ் போனாய். நான் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். கவர்ன்மென்ட் வேலை, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, இதைவிட என்ன வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். லீவில் வந்தபோதெல்லாம் நீ பின்புறத்துக்கு வரவே மாட்டாய். கிணற்றடிக்குக் குளிக்கப் போனாலும் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு போவாய், என்னவோ தீட்டுக்காரன் மாதிரி. எனக்கு அதைப் பார்க்கும்போது வலிக்கும். வலிக்கிறதே என்று வாயைத் திறந்திருக்கலாம்.

நீ மெட்ராஸ் போன அடுத்த வருஷம்தான் எனக்கு உண்மை தெரிந்தது. குளியலறைக்குப் பின்னால் யாரும் கவனிக்காத செம்பருத்தி ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு மருந்து தீர்ந்துபோனதால் அதற்கு மட்டும் அடிக்கவில்லை. அதில் அதே வெள்ளைப் பெரிசு ஒன்றைப் பார்த்தேன். நசுக்கக் கையை நீட்டியவள் என்னவோ நின்று பார்த்தேன். அது மாவுப்பூச்சி முட்டைப் பஞ்சுக்குள் தலையை விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பொங்கல் பானைக்குள் தலை விட்ட பூனை மாதிரி. உள்ளே போய் உன் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் அந்தக் குஞ்சின் படம் வரைந்து, கீழே உன் கையெழுத்தில், "இது நம்ம ஆள். அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்" என்று இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். உன் அம்மா சும்மா அழுதுவிட்டு எழுந்துபோகிறவள் இல்லையே.

அன்றிலிருந்து உன் நோட்டுப்படிதான் இங்கே தோட்டம் நடக்கிறது. தினம் காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். குஞ்சு இருக்கிற கிளை என்றால் மருந்தே கிடையாது. மாவு மிஞ்சிப்போன கிளை என்றால் முதலில் கோழி இறகால் குஞ்சுகளைத் தள்ளிப் பக்கத்துச் செடிக்குக் குடிமாற்றிவிட்டு, புகையிலைக் கஷாயத்தை அந்த இடத்துக்கு மட்டும் தடவுகிறேன். முதல் தடவை துணி கட்டாமல் காய்ச்சித் தலைசுற்றி விழுந்து, உன் அப்பா என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அது தனிக் கதை. தடவிய பிறகு ஒரு வாரம் பொறுக்கிறேன். அதற்குப் பிறகும் அவசரப்பட்டு, செம்பருத்தியில் பெருகின வண்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. மருந்து பட்ட இலை ஒன்றைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டு, ஒரே ஒரு வண்டை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறேன். மறுநாள் அது நடமாடினால்தான் மற்றவை போகும். உன் அப்பா அந்த ஒற்றை வண்டுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார், புது வீட்டில் முதலில் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறவராம். உன் நோட்டில் இல்லாமல் நானாகச் சேர்த்தது இது ஒன்றுதான். உன் வாத்தியாரிடம் சொல்லிப்பார், சிரிப்பாரோ என்னவோ.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் லால்பாக் கண்காட்சியில் நம் குரோட்டன்ஸுக்கு முதல் பரிசு கிடைத்தது, உனக்கு எழுதினேன், நீ வாழ்த்து அனுப்பினாய். அன்றைக்கு ஒரு பெரிய வீட்டு அம்மாள் என்னிடம் வந்து, ஒரு பூச்சிகூட இல்லையே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். கையில் கோப்பை, சுற்றிலும் பெண்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் கைராசிங்க" என்றேன். உன் வண்டு, உன் நோட்டு, உன் பாட்டில், எல்லாவற்றையும் என் கைக்குக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருந்து அடித்தது பயத்தில் செய்த தப்பு. இது பயத்தில் செய்ததில்லை, இதற்கு எனக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைக்கூட இறக்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். மலேரியாக்காரன் ஒருத்தனும் வராத நாள்ல ஊடெல்லாம் அந்த நாத்தம். தலவலிக்காரி தட்டு தட்டா கழுவி வெச்சிருக்கற" என்றார். ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்றதற்கு, "நீயே சொல்லுவன்னு பாத்தேன். இவ்ளோ நாளாகும்னு நெனக்கல" என்றார். மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். "எழுதிட்டியா, இல்ல இன்னும் சுத்தி வளைச்சிக்கினு இருக்கியா?" என்று வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்கிறார்.

புதன்கிழமை பஸ் பிடித்து மல்லேஸ்வரம் போனேன். உன்மேல் யார் முன்னால் பழி சொன்னேனோ அவர்கள் முன்னால் அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. சாவித்ரம்மாவுக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது, என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு காபி கொடுத்தார்கள். அன்றைக்குச் செடியைக் கெடுத்தது நான்தான், என் மகன் இல்லை என்று சொல்லி முடித்தேன். அவர்கள், "மகனா? அங்கே ஒரு பையன் நின்னிருந்தானா? நனக்கு நெனப்பே இல்லம்மா. செடி இல்லைன்னா என்ன, வாழை மரம் கட்டினோம், கல்யாணம் சென்னாகி, நல்லாவே நடந்தது" என்றார்கள். அப்புறம் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "மகனுக்கு ஹேளிதியா?" என்று கேட்டார்கள். மகனிடம் சொன்னாயா என்று கேட்கிறார்கள். இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது. யார் முன்னால் உன் தலை குனிந்ததோ அவர்களுக்கு உன்னை ஞாபகமே இல்லை, சாமு. நீ ஒருவன்தான் ஏழு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எஸ்தரும் நீயும் இப்போதுதான் குடித்தனம் தொடங்கியிருக்கிறீர்கள். நாளைக்குப் பிள்ளைகள் வரும். அதற்காக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். செய்த வேலையைத் திட்டு, செய்த கையைத் திட்டாதே. வேலையை நாளைக்குத் திருத்திச் செய்யலாம், கையைத் திட்டினால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்? சண்டை வரும்போது பதறிப்போய் வீட்டில் உள்ளது எல்லாவற்றின் மேலும் அடிக்காதே. எந்தக் கிளையில் கோளாறோ அதை மட்டும் தொடு. பேசிய பேச்சின் வீரியம் இறங்க நாலு நாள் விட்டு, அப்புறம் சமாதானத்துக்கு ஆள் அனுப்பு. உன் அப்பாவோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்த பிறகும் இதை நான் உன் நோட்டில் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வேலைக்குப் போ என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ரயில்வேயில் பென்ஷன் உண்டு, எனக்குத் தெரியும். அங்கே இஷ்டப்பட்டு இருந்தால் இரு. ஆனால் கைராசி இல்லை என்பதற்காக ஒரு நாளும் இருக்காதே. உன் கை சரியாகத்தான் செய்தது. நீ விட்ட உயிர்களைக் கொன்றது நான், உன்னிடம் பொய் சொன்னது நான், ஊரார் முன்னால் பழியைப் போட்டதும் நான். என்னை மன்னித்துவிடு என்று ஒரு மகனுக்கு எழுத இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்துவிடு, சாமு.

இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு நாள் ஆகும், உன் பதில் வாத்தியாருக்கு வந்து சேர இன்னும் இரண்டு நாள். ஆகவே முதலில் அவருக்கு எழுது. அதைப் பெட்டியில் போட்ட பிறகு, சாவகாசமாக உட்கார்ந்து என்னைத் திட்டி எழுது. அதற்கு ஒரு கார்டு போதாது, இன்லாண்டு லெட்டராகவே வாங்கிக்கொள். மூன்று பக்கமும் நிரப்பு. ஒட்டுகிற மடிப்பில் இடம் இருந்தால் அதிலும் எழுது.

உன் அம்மா